ஓவியத்துக்கு விலை வைத்து விற்பது எப்படி: பணம் எங்கே சேர்கிறது, எங்கே கசிகிறது

2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் எம்.எஃப். ஹுசைனின் 'கிராம் யாத்ரா' 1.37 கோடி டாலரைத் தாண்டிப் போனது. 1954-ல் வரையப்பட்ட படம். அந்த ஆண்டே டெல்லியில் ஒரு மருத்துவர் அதை வாங்கினார். பிறகு அது நார்வேயில் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து பல பத்தாண்டுகள் அங்கேயே தொங்கியது. ஏலத்தில் வந்த பணமும் மருத்துவமனைக்குத்தான். ஹுசைன் 2011-லேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தாலும் அந்த விற்பனையில் அவர் கைக்கு ஒரு டாலர்கூட வந்திருக்காது.

செய்தித்தாளில் வரும் ஏல விலைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸின் 'ராபிட்' சிற்பம் 2019-ல் 9.1 கோடி டாலருக்கு விற்றபோது, பணம் போனது அதை 1992-ல் வாங்கி வைத்திருந்தவரின் குடும்பத்துக்கு. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரோஷன்பெர்க் 1958-ல் 900 டாலருக்குக் கொடுத்த 'தா' (Thaw) என்ற படத்தை, வாங்கியவர் 1973-ல் 85,000 டாலருக்கு விற்றார். படம் முதல்முறை கைமாறும்போதுதான் ஓவியருக்குப் பணம். அதன்பின் அது எத்தனை முறை விற்றாலும் லாபம் பெரும்பாலும் வைத்திருப்பவருடையது.

அப்படியானால் சில ஓவியர்கள் எப்படிப் பெரும் செல்வந்தர் ஆகிறார்கள்? தங்கள் படங்களில் ஒரு பகுதியைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். எத்தனை வெளியே போகிறது என்பதைக் கட்டுப்படுத்துகிறார்கள். பதிப்புரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் காகிதம் வைத்திருக்கிறார்கள். இவற்றைச் செய்யக் கோடிகள் தேவையில்லை. 15,000 ரூபாய்க்குப் படம் விற்கும் ஓவியரும் முதல் படத்திலிருந்தே செய்யலாம். கீழே உள்ளவை தமிழ்நாட்டிலிருந்து வேலை செய்யும் ஓவியரை மனதில் வைத்து எழுதியவை. எடுத்துக்காட்டுத் தொகைகளை உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் அடிவிலை

எந்தப் படத்துக்கும் விலை சொல்வதற்கு முன், ஓர் ஆண்டு ஸ்டூடியோவை நடத்த ஆகும் செலவை எழுதுங்கள். வாடகை மாதம் 10,000 என்றால் 1,20,000. கேன்வாஸ், வண்ணம், தூரிகை 80,000. ஃபிரேம், வண்டி, படம் எடுக்கும் செலவு 60,000. உங்கள் வாழ்க்கைச் செலவு மாதம் 30,000 என்றால் 3,60,000. மொத்தம் 6,20,000.

கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தன் உழைப்புக்குக் கூலி போடாமல் "கேன்வாஸ் 3,000, பெயின்ட் 2,000, அதனால் விலை 10,000" என்று வைப்பது நஷ்டக் கணக்கு. முதல் இரண்டு ஆண்டு அது தெரியாது, மூன்றாம் ஆண்டு வாடகை பாக்கி நிற்கும்போதுதான் தெரியும்.

இனி வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 24 படம் வரைகிறீர்கள், 14 விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வகுக்க வேண்டியது 14-ஆல். கேலரி 40 சதவீதம் எடுக்கும் என்றால், 6,20,000 உங்கள் கைக்கு வர விற்பனை 10,33,000 அளவுக்கு நடக்க வேண்டும். ஒரு படத்துக்குச் சராசரி 74,000 ரூபாய் வருகிறது. உங்கள் படம் இன்று அந்த விலைக்குப் போகாது என்றால் பதற வேண்டாம். ஆண்டுச் செலவில் எவ்வளவு பகுதி படத்திலிருந்து வர வேண்டும், எவ்வளவு வகுப்பு எடுப்பதிலிருந்தோ ஆர்டர் வேலையிலிருந்தோ வர வேண்டும் என்பதை இந்த எண் சொல்லிவிடும்.

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டது. பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் அவர்கள் நிலம் வாங்கினார்கள். சாப்பாட்டுக்கான பணம் கைவினையிலிருந்து வந்ததால், ஓவியத்தை அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டிய நெருக்கடி குறைந்தது. துணை வருமானத்தை ஓவியத்துக்குக் காவலாக வைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

அளவுக்கு ஏற்ற விலை

நம் ஊரில் பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கில் விலை வைக்கிறார்கள். வாங்குபவருக்குப் புரியும், கேலரிக்கும் வசதி. ஆனால் எல்லா அளவுக்கும் ஒரே வீதம் போட்டால் பெரிய படம் எட்டாத விலைக்குப் போய்விடும். சதுர அங்குலம் 100 ரூபாய் என்றால் 12×16 அங்குலப் படம் 19,200. 48×60 படம் 2,88,000. அதே பெயருக்கு அந்தத் தொகை கொடுக்க ஆள் இருக்காது.

சிலர் இதைச் சரிசெய்ய, "800 சதுர அங்குலம் வரை 80 ரூபாய், அதற்கு மேல் 60" என்று முழுப் படத்துக்கும் வீதத்தை மாற்றுகிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. 24×30 படம் 720 சதுர அங்குலம், விலை 57,600. 30×30 படம் 900 சதுர அங்குலம், விலை 54,000. பெரிய படம் மலிவாகிவிட்டது. விலைப்பட்டியலைக் கையில் வைத்திருக்கும் வாங்குபவர் இதை உடனே பிடித்துவிடுவார், உங்கள் எல்லா விலையின் மீதும் சந்தேகம் வரும்.

வருமான வரி அடுக்குபோலப் போட்டால் இது வராது. முதல் 200 சதுர அங்குலத்துக்கு 100 ரூபாய், அடுத்த 600-க்கு 70, அதற்கு மேல் வருவதற்கு மட்டும் 40. இப்போது 12×16 படம் 19,200. 24×30 படம் 56,400. 36×48 படம் 99,120. 48×60 படம் 1,45,200. ஆயிரத்துக்கு முழுமையாக்கிக்கொள்ளுங்கள்: 19,000, 56,000, 99,000, 1,45,000. காகிதத்தில் வரைந்தவற்றுக்கு இதே கணக்கில் பாதி அளவு வைப்பது வழக்கம். ஃபிரேம் விலையைத் தனியாகக் காட்டுங்கள். அதைப் படத்தின் விலைக்குள் ஒளித்தால் கமிஷன் ஃபிரேமுக்கும் போகும்.

ஒரே அளவுள்ள இரண்டு படங்களில் ஒன்று உங்களுக்கு மிகவும் பிடித்தது என்பதற்காக விலையை ஏற்றாதீர்கள். பட்டியலில் அது மட்டும் கூடுதலாக இருந்தால் மற்றது இரண்டாம் தரம் என்று நீங்களே சொன்னதாகிறது. பிடித்தது என்றால் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

விலையை எப்போது உயர்த்தலாம்? ஒரு தனிக் கண்காட்சியில் மூன்றில் இரண்டு பங்கு விற்றால், அல்லது ஓர் ஆண்டில் வரைந்ததில் பாதிக்கு மேல் தள்ளுபடி கேட்காமலே போனால், அடுத்த ஆண்டு 10 முதல் 15 சதவீதம். ஒரு விருது கிடைத்தது, ஒரு பத்திரிகையில் படம் வந்தது என்பதற்காக இரட்டிப்பாக்குவது ஆபத்து, ஏனென்றால் ஏற்றிய விலையை இறக்க வழி கிடையாது. இறக்கினால் முன்பு வாங்கியவர்கள் ஏமாந்ததாக உணர்வார்கள். அவர்கள்தான் உங்கள் அடுத்த படத்தையும் வாங்கியிருக்க வேண்டியவர்கள்.

கேலரியில் 1,00,000, வீட்டுக்கு வந்தால் 60,000 என்று இரண்டு விலை வைக்காதீர்கள். சென்னை, பெங்களூரு, மும்பை என்று ஊர் எதுவானாலும், வாங்குபவர் வட்டம் சிறியது. ஒரே ஒரு விற்பனை வெளியே தெரிந்தால் கேலரி உங்களுக்காக அடுத்த முறை சுவர் ஒதுக்காது. ஸ்டூடியோவில் நேரடியாக விற்றாலும் கேலரி விலைதான். வேண்டுமானால் பழகியவருக்கு 10 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் வேண்டாம்.

கேலரியோடு எழுதிக்கொள்ள வேண்டியவை

கேலரி பெரும்பாலும் படத்தை உங்களிடம் விலைக்கு வாங்குவதில்லை. விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பித் தருவோம் என்று எடுத்துக்கொள்கிறது. இதைக் கன்சைன்மென்ட் என்பார்கள். கமிஷன் 30 முதல் 50 சதவீதம் வரை ஆளுக்கு ஆள் மாறும். 50 என்று கேட்டவுடன் கோபப்பட வேண்டாம். அந்த 50-க்குள் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள்: கேட்லாக், திறப்பு விழா, காப்பீடு, வண்டி, கலைச் சந்தையில் ஸ்டால். எல்லாம் அவர்கள் பொறுப்பு என்றால் 50 நியாயம். எல்லாச் செலவும் உங்கள் தலையில் என்றால் 30-கூட அதிகம்.

தள்ளுபடியில்தான் பணம் சத்தமில்லாமல் கசிகிறது. 1,00,000 ரூபாய்ப் படம், கமிஷன் 40 சதவீதம், வாங்குபவருக்கு 10 சதவீதம் தள்ளுபடி. இருவரும் பகிர்ந்தால் விற்பனை 90,000, கேலரிக்கு 36,000, உங்களுக்கு 54,000. ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாமல் விட்டால், கேலரி முழு விலையில் 40,000 எடுத்துக்கொண்டு உங்களுக்கு 50,000 மட்டும் கொடுக்கலாம். இதிலிருந்து ஃபிரேம் 7,000, வண்டி 3,000 போனால் 40,000. ஒரு லட்ச ரூபாய்ப் படத்தில் கைக்கு வருவது 40 சதவீதம். பத்துப் படத்துக்கு இந்தத் தள்ளுபடி வேறுபாடு மட்டும் 40,000 ரூபாய் ஆகிறது.

ஆகவே ஒரு பக்கம் போதும், ஆனால் கையெழுத்தோடு எழுதுங்கள். ஒவ்வொரு படத்தின் எண், அளவு, ஊடகம், விலை. கமிஷன் சதவீதம், அது தள்ளுபடிக்குப் பிந்தைய விலையில் கணக்கிடப்படும் என்ற வரி. 10 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி என்றால் உங்களைக் கேட்க வேண்டும். வாங்குபவரிடமிருந்து பணம் வந்த 30 நாளுக்குள் உங்கள் பங்கு. தவணையில் விற்றால் ஒவ்வொரு தவணையிலும் உங்கள் பங்கு உடனே. முழுப் பணம் வரும்வரை படம் உங்கள் உடைமை. கேலரியில் இருக்கும்போது சேதம், திருட்டு நேர்ந்தால் காப்பீடு யாருடையது, எவ்வளவுக்கு. எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், திரும்ப அனுப்பும் செலவு யாருடையது.

'உடைமை' பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். கேலரி கடனில் மூழ்கி மூடப்பட்டால் உள்ளே இருக்கும் சரக்கு யாருடையது என்ற தகராறு வரும். கையெழுத்திட்ட பட்டியல் இல்லாத ஓவியர் தன் படத்தையே தன்னுடையது என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

வாங்கியவர் பெயரைக் கேலரிகள் சொல்லத் தயங்கும். நீங்கள் பின்வாசலில் போய் விற்றுவிடுவீர்கள் என்ற பயம், அது நியாயமான பயமும்கூட. ஒரு நடுவழி உண்டு: கண்காட்சிக்கு இரவல் வாங்கவும் ஆவணத்துக்கும் மட்டும் பயன்படுத்துவேன், இரண்டு ஆண்டு நேரடியாக விற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துப் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒரு பெரிய மீள்பார்வைக் கண்காட்சி வரும்போது, உங்கள் சிறந்த படம் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியாமல் நிற்பது பெரிய இழப்பு.

சுவருக்கு வாடகை கேட்கும் இடங்களும் உண்டு. வாடகையும் கமிஷனும் சேர்த்துக் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். உங்கள் வாடகையிலேயே அவர்களுக்கு லாபம் கிடைத்துவிட்டால் படத்தை விற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

பிரின்ட்: எண்ணிக்கைதான் விலை

கூன்ஸின் 'ராபிட்' சிற்பம் மொத்தம் மூன்று பிரதி, கூடவே கலைஞருக்கான ஒரு பிரதி. பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 2021-ல் 'தி கரன்சி' என்ற பெயரில் காகிதத்தில் வரைந்த 10,000 புள்ளி ஓவியங்களைத் தலா 2,000 டாலருக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் காகிதத்தையோ டிஜிட்டல் பிரதியையோ ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. டிஜிட்டல் பிரதி தேர்ந்தெடுக்கப்பட்ட 4,851 ஓவியங்களின் காகிதங்களை எரித்தார்கள். மூன்றானாலும் பத்தாயிரமானாலும் எண்ணிக்கை முதலிலேயே அறிவிக்கப்பட்டது, பிறகு ஏறவில்லை.

நீங்கள் ஒரு படத்துக்கு 25 பிரின்ட் (அச்சுப் பிரதி) என்று சொன்னால் 25-தான். ஓவியரின் பிரதி என்று 10 சதவீதம், அதாவது இரண்டு அல்லது மூன்று, தனியாக வைத்துக்கொள்ளலாம், அதையும் சான்றிதழில் எழுத வேண்டும். பென்சிலால் கீழ் இடது மூலையில் 7/25 என்ற வடிவில் எண், வலது மூலையில் கையெழுத்து. பேனா மை காலப்போக்கில் மங்கும், காகிதத்தில் பரவும். எச்சிங், லித்தோ போலத் தகட்டிலிருந்து அச்சிடும் முறை என்றால் அச்சு முடிந்ததும் தகட்டில் குறுக்குக் கோடு போட்டு ரத்து செய்யுங்கள். டிஜிட்டல் பிரின்ட் என்றால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம், பிக்மென்ட் (நிறமித் துகள்) மை. சாதாரணச் சாய மையில் எடுத்த பிரின்ட் நம் வெயிலில் சில ஆண்டுகளிலேயே நிறம் மாறும். வாங்கியவர் அதைச் சுவரிலிருந்து இறக்கும் நாளில் உங்கள் பெயரும் இறங்கும்.

விலையை ஒரே அடியாக வைக்காமல் படிப்படியாக வையுங்கள். முதல் 10 பிரதி 4,000, அடுத்த 10 பிரதி 5,500, கடைசி 5 பிரதி 8,000. எல்லாம் விற்றால் 1,35,000 ரூபாய். முன்னால் வந்தவருக்கு மலிவு, காத்திருந்தவருக்கு விலை ஏறுகிறது, யாரும் குறை சொல்ல முடியாது. 25 முடிந்தபின் "சற்றுப் பெரிய அளவில் இன்னொரு 50" என்று கிளம்புவதுதான் இந்தத் தொழிலில் நம்பிக்கையை உடனே அழிக்கும் செயல்.

ஆர்டர் வேலையும் பதிப்புரிமையும்

இது பலருக்குத் தெரியாத இடம், அதனால் கொஞ்சம் நின்று பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-ஆம் பிரிவின்படி, நீங்களாக வரைந்த படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. படத்தை விற்றாலும் உரிமை உங்களிடமே நிற்கும். வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டலாம், காலண்டராக அச்சிட முடியாது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, "எனக்காக இதை வரையுங்கள்" என்று கேட்டு வரைந்த ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் பதிப்புரிமையாளர் பணம் கொடுத்தவரே. ஹோட்டல் சுவருக்கு நீங்கள் வரைந்த படத்தை அவர்கள் மெனு அட்டை, பை, பனியன் எல்லாவற்றிலும் போட்டுக்கொள்ளலாம், நீங்கள் கேட்க முடியாது.

தீர்வு ஒரு வரி: "இப்படைப்பின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், வாங்குபவர் அசல் படத்தைக் காட்சிக்கு வைக்கும் உரிமை மட்டும் பெறுகிறார்." இருவரும் வேலை தொடங்கும் முன்பே கையெழுத்திட வேண்டும். பனியனிலும் போட வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கட்டணம், எந்தப் பொருளில், எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, எந்த நாட்டில் என்று எழுதிக் கொடுங்கள். காலத்தைக் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் 19-ஆம் பிரிவு அதை 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் எடுத்துக்கொள்ளும். "எல்லா உரிமையும் என்றென்றைக்கும்" என்று அச்சடித்த தாளை நீட்டினால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆர்டர் வேலைக்குப் பணம் மூன்றாகப் பிரியட்டும். தொடங்கும் முன் 40 சதவீதம், மாதிரி ஓவியத்துக்குச் சம்மதம் சொன்னதும் 30, கொடுக்கும்போது 30. முன்பணம் திரும்பாது என்பதும், இரண்டு திருத்தம் வரை இலவசம், பிறகு கட்டணம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். திருத்தத்துக்கு எல்லை வைக்காத உருவப்படம் முடியவே முடியாது. தாத்தாவின் மீசையை ஒவ்வொரு பேரனும் ஒவ்வொரு மாதிரி நினைவு வைத்திருப்பார்கள்.

படத்தைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை 57-ஆம் பிரிவில் இருக்கிறது, அது பதிப்புரிமையை விற்றபின்னும் போகாது. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த சுவர்ச்சிற்பத்தை அரசு கழற்றிச் சேதப்படுத்திய வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2005-ல் எஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

மறுவிற்பனையில் பங்கு உண்டா? 53ஏ பிரிவு உண்டு என்கிறது. அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு. அதன் உச்சவரம்பு 10 சதவீதம். ஆனால் பிரிட்டனில் ஏல நிறுவனமும் வசூல் சங்கமும் இதைப் பிடித்து ஓவியருக்கு அனுப்புவதைப்போல இங்கே பணம் தானாக வந்து சேர்வதில்லை. அதனால் விற்பனைத் தாளிலேயே எழுதிக்கொள்வது நல்லது. 1971-லேயே நியூயார்க்கில் சேத் சீகலாப் என்பவர் வழக்கறிஞர் ஒருவரோடு சேர்ந்து இப்படி ஓர் ஒப்பந்தம் தயாரித்தார்: மறுவிற்பனையில் கிடைக்கும் லாபத்தில் 15 சதவீதம் ஓவியருக்கு. ஹான்ஸ் ஹாக்கே போன்ற சிலர் அதை விடாமல் பயன்படுத்தினார்கள். வாங்குபவர் 15 சதவீதத்துக்கு ஒப்பாவிட்டாலும், விற்கும் முன் முதலில் உங்களைக் கேட்க வேண்டும் என்ற வரிக்குப் பலர் ஒப்புக்கொள்வார்கள். அதுவே பாதி வேலை.

பதிவேடும் பொதியும்

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண்: 2026-014 என்பதுபோல ஆண்டும் வரிசையும். பதிவேட்டில் தலைப்பு, உயரம் × அகலம் (உயரம் முதலில்), ஊடகம், கையெழுத்து இருக்கும் இடம், முன்புறப் புகைப்படம், பின்புறப் புகைப்படம், காட்டிய கண்காட்சிகள், வாங்கியவர், தேதி, விலை. அதே எண்ணைப் படத்தின் பின்புறச் சட்டத்தில் எழுதுங்கள், கேன்வாஸ் துணியில் எழுதினால் மை முன்பக்கம் ஊறி வரும். சான்றிதழிலும் இதே எண். புகழ்பெற்ற ஓவியர்களின் பெயரில் போலிகள் சுற்றும் இந்தச் சந்தையில் பின்புறப் புகைப்படம்தான் பிற்காலத்தில் காப்பாற்றும். முன்பக்கத்தை நகலெடுக்கலாம், ஆணி வரிசையையும் துணி மடிப்பையும் நகலெடுப்பது கடினம்.

எண்ணெய் வண்ணப் படத்தை அவசரமாக வார்னிஷ் செய்யாதீர்கள். மெல்லிய பூச்சுக்கே ஆறு மாதம், கனமான பூச்சுக்கு ஓர் ஆண்டு விடுங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் வெடிப்பு விழும். கடலோர ஊர்களில் படத்தைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் பலகை போட்டு, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுப் போக விடுங்கள்.

அனுப்பும்போது முதலில் கிளாசின் தாள் (வண்ணத்தில் ஒட்டாத வழவழப்பான தாள்), அதன்மேல் குமிழ்த் தாள். குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். உள்பக்கம் வைத்தால் வெயிலில் நிற்கும் லாரியில் வண்ணத்தின் மேல் வட்ட வட்டமாக அச்சு விழும். அசல் கேன்வாஸைச் சுருட்ட நேர்ந்தால் வண்ணப் பக்கம் வெளியே இருக்க, குறைந்தது 6 அங்குல விட்டமுள்ள குழாயில் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெரிந்து, விரிக்கும்போது உதிரும்.

வரி

2025 செப்டம்பர் 22 முதல் கையால் வரைந்த ஓவியங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். வேறு மாநிலத்துக்கு விற்பதாக இருந்தால் அந்த வரம்பு பொருந்தாமல் போகலாம், கணக்காளரைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். கேலரிக்குக் காட்சிக்காக அனுப்புவது விற்பனை ஆகாது என்று 2017 டிசம்பரில் வந்த சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. டெலிவரி சலான் (பொருள் அனுப்பும் சீட்டு), தேவைப்பட்டால் இ-வே பில் போட்டு அனுப்பலாம், வரி விற்கும்போதுதான். சலான் இல்லாமல் காரில் பத்துப் படம் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டினால் வழியில் சோதனை நடக்கும்போது பதில் சொல்ல வேண்டி வரும்.

விலை பேசும்போது "வரி தனி" என்று முதலிலேயே சொல்லுங்கள். ரொக்கமாக வாங்கிக்கொண்டு ரசீது இல்லாமல் விற்ற படம் கணக்கில் இல்லாத படம். நாளை அதன் விலையை யாருக்கும் காட்ட முடியாது, வங்கிக் கடனுக்கும் உதவாது.

ஏலம் அழைக்கும்போது

2008 செப்டம்பர் 15, 16 தேதிகளில் ஹர்ஸ்ட் தன் கேலரிகளை விட்டுவிட்டு, 200-க்கும் மேற்பட்ட புதிய படைப்புகளை நேரே லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் வைத்தார். இரண்டு நாளில் 11 கோடி பவுண்டுக்கு மேல் விற்றது. அதே 15-ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. பணம் அவருக்கு வந்துவிட்டது, ஆனால் அடுத்த ஆண்டு ஏலச் சந்தையில் அவருடைய விலைகள் கடுமையாகச் சரிந்தன. ஒரே நேரத்தில் அவ்வளவு சரக்கு வெளியே போனதும் அதற்கு ஒரு காரணம். இந்தியாவிலும் 2005-க்குப்பின் ஏலத்தில் வேகமாக ஏற்றப்பட்ட இளம் ஓவியர்கள் பலர் 2008-க்குப்பின் அந்த விலைக்குத் திரும்பவே இல்லை.

ஏல விலை எல்லோர் கண்ணிலும் படும் பதிவு. உங்கள் படம் கேலரியில் 1,00,000 இருக்கும்போது ஏலத்தில் 35,000-க்குப் போனாலோ விற்காமல் திரும்பினாலோ, அந்த எண் இணையத்தில் பல ஆண்டு நிற்கும். அடுத்து வாங்க வருபவர் அதைக் காட்டிப் பேரம் பேசுவார். எனவே தொடக்கத்தில் நீங்களாக ஏலத்துக்குப் படம் கொடுக்காதீர்கள். அறக்கட்டளை ஏலத்துக்கு இலவசமாகக் கேட்பார்கள். கொடுப்பதாக இருந்தால் குறைந்தபட்ச விலை வைக்கச் சொல்லுங்கள், அல்லது பிரின்ட் கொடுங்கள். உங்கள் பழைய படம் ஏலத்துக்கு வருகிறது என்று தெரிந்தால் கேலரியிடம் சொல்லுங்கள். நல்ல கேலரி ஆள் வைத்துக் குறைந்தபட்ச விலைக்கு அதை வாங்கிக்கொள்ளும்.

வைத்துக்கொள்ளும் படங்கள்

ஒவ்வொரு தொடரிலும் பத்தில் ஒன்றையோ இரண்டையோ விற்காமல் வையுங்கள். மிச்சம் மீதியை வைக்காதீர்கள், அந்தத் தொடரின் சிறந்த படத்தை வையுங்கள். ஆண்டுக்கு 24 வரைந்து 3 வைத்தால், 20 ஆண்டில் 60 படம். அன்றைய விலையில் அது உங்கள் ஓய்வூதியம். அவற்றின் முதல் விற்பனைப் பணமும் உங்களுக்கே வருகிறது. அருங்காட்சியகம் பழைய காலப் படம் கேட்டு வந்தாலும் கொடுக்க இருக்கும். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி தன் படங்களில் பலவற்றைக் கையில் வைத்திருந்து, பிறகு தன் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்.

வைத்திருப்பவை குடும்பத்துக்குப் பாரமாகிவிடாமல் இருக்க உயில் எழுதுங்கள். அதில் படங்களும் பதிப்புரிமையும் தனித்தனியே குறிப்பிடப்பட வேண்டும். பதிப்புரிமை உங்கள் காலத்துக்குப்பின் 60 ஆண்டு நிற்கும், படம் விற்றுப்போனாலும் அந்த வருமானம் வரலாம். இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும், பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் தகராறு குறையும். பதிவேட்டின் ஒரு நகல், கேலரி ஒப்பந்தங்கள், எந்தப் படம் எந்தக் கேலரியில் இருக்கிறது என்ற பட்டியல் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு, அது வீட்டில் எங்கே இருக்கிறது என்பதை ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். கேலரிக் கிடங்கில் இருக்கும் படங்களின் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் கணக்கு முடிக்கும்போது, கேலரியிடம் கையெழுத்து வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.